கண்ணை மூடிக்கொண்டு அழுத்திய பொத்தான்

2019 மார்ச் 12, செவ்வாய். நாலரைக்கு எழுந்தேன். குளித்து, கங்கம்மா அம்மனுக்கு விளக்கேற்றி, டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு புத்தூரில் பஸ் ஏறினேன். ஒன்பதுக்குத் திருப்பதி ஆபீஸ். ஜனங்கள் இணையத்தில் போடும் வீடியோக்களைப் பார்த்து, கொடுமையானவற்றை நீக்குவது எங்கள் வேலை. தமிழும் தெலுங்கும் தெரியும் என்பதால் இரண்டு மொழி வீடியோக்களும் எனக்கே வந்தன.

சேர்ந்த எட்டு மாதத்தில் தூக்கம் போயிற்று. சாமி கும்பிடக் கண்ணை மூடினால் அம்மன் முகம் வராது. ரத்தம்தான் வரும். வேலையை விடவும் பயம். நாற்பத்தாறு வயதில் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

அன்று 11.20க்கு ஒரு குழந்தையை அடிக்கிற வீடியோ வந்தது. அழுகை கேட்டதுமே கண்ணை மூடிக்கொண்டேன். மூடியபடியே ‘அனுமதி’ பொத்தானை அழுத்திவிட்டேன். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு மறுசோதனையில் அது பிடிபட்டது. மூன்று மணிக்கு மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார்.

கை தவறிவிட்டது என்றால் ஓர் எச்சரிக்கையோடு முடியும். உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். போகுமுன் கழிவறையில் கண்ணைத் திறந்தபடியே வேண்டினேன். “தாயே, பொய் சொல்ல விடாதே.”

“ஏமம்மா, நித்ர போயாரா?” தூங்கிவிட்டேனா என்று மேனேஜர் கேட்டார்.

“தூங்கல சார். பாக்க முடியல. கண்ண மூடிக்கினேன்.”

பின்சீட்டில் இருந்த வரதய்யபாளையத்துக் கிரிஜா எழுந்தாள்.

“அக்கா மட்டும் இல்ல சார், நானும் மூடிக்கினுதான் அழுத்துறேன். இங்க கண்ணத் தொறந்துகினு வேல பாக்கறது மேல இருக்கற கேமரா ஒண்ணுதான்.”

சிலர் சிரித்துவிட்டார்கள். பிறகு இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள். மேனேஜர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“சரி, என்னா செஞ்சா பாக்க முடியும்? சொல்லுங்க.”

சொன்னோம். சத்தம் வேண்டாம். படம் கறுப்பு வெள்ளையில் வரட்டும். கொடூரமான ஒன்றைப் பார்த்தபின் பத்து நிமிடம் எழுந்து போக விடுங்கள். ஒருவருக்கு ஒரு மொழி போதும். மனசு விட்டுப் பேச ஓர் ஆலோசகர் வேண்டும். ஐந்தரைக்குள் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். மனநல ஆலோசகர் வர மட்டும் இரண்டு மாதமானது.

அந்த வீடியோவை நீக்கி, போலீசுக்கும் தெரிவித்தார்கள். குழந்தை என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. அதற்காக இன்றும் வேண்டுகிறேன்.

இருபது வருடமாக என் கஷ்டத்தை யாரிடமும் வாய் திறந்து சொல்லாதவள் நான். அன்று பேச வைத்தது அம்மன்தான். வேலையிடத்தில் சொல்ல முடியாத கஷ்டம் இருந்தால் முதலில் அவளிடம் சொல்லுங்கள். பிறகு பக்கத்துச் சீட்டில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

மறுநாள் காலை சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் சத்தத்தை நிறுத்தினேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். வந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்தேன்.