விசில் பழகிய வாய்

கணேசமூர்த்தியின் விசிலைச் சட்டைப் பையில் பார்த்தவர்கள் குறைவு. காலையில் பஸ் ஏறும்போதே அதை இடது கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் அதக்கிக்கொள்வார், வெற்றிலை போடுகிறவர்கள் புகையிலையை அதக்குவது மாதிரி. அப்புறம் டீ குடிக்கத்தான் வெளியே எடுப்பார். அதை வைத்துக்கொண்டே பேசுவார், டிக்கெட் கிழிப்பார், படியில் தொங்குகிற பையன்களைத் திட்டுவார். நிறுத்தம் வந்தால் நாக்கு விசிலை உதட்டுக்கு உருட்டிக்கொண்டு வரும். ஊதி முடித்ததும் பழைய இடத்துக்கே அனுப்பிவிடும். ஒரு தரம் ஊதினால் நில், இரண்டு தரம் ஊதினால் போ. அடையாறில் கிளம்பி மந்தைவெளி, லஸ், தேனாம்பேட்டை என்று தி.நகர் போய்ச் சேருகிற அந்த பஸ்ஸில், இந்தக் காரியத்துக்கு அவர் கை உதவியதை யாரும் பார்த்ததில்லை.

தொண்ணூற்றைந்தில் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. முதலில் மழைக்காலத்தில் மட்டும். பிறகு வெயிலிலும். டீசல் புகை என்றார்கள், புழுதி என்றார்கள். காரணம் எதுவானாலும், ஊதுகிற விசில் பாதியில் நீர்த்துப்போய் வெறும் காற்றாக வந்தது. டிரைவர் எத்திராஜ் முன்னாலிருந்து கத்துவார்:

"இன்னா வாத்யாரே, வெசில் ஊதுறியா, டீ ஆத்துறியா?"

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் இருந்த மார்புநோய் டாக்டர் நீரஜா அவருக்கு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் கூடு, அதற்குள் குட்டியாக ஒரு மருந்துக் குப்பி. வாயில் வைத்து அழுத்திக்கொண்டே மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். கணேசமூர்த்தி ஒரு வேளைகூடத் தவறாமல் எடுத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் இழுப்பு நின்றபாடில்லை. அழுத்தும்போது மூக்குக்கு முன்னால் வெள்ளையாகப் புகை கிளம்பும். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று அவர் நினைத்திருந்தார்.

டாக்டர் ஒரு நாள் சொல்லிவிட்டார். "தை மாசம் உங்க ஆபீஸ்ல ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேப்பாங்க இல்லையா? இதே நிலைமைன்னா என்னால எழுதித் தர முடியாது, கணேசமூர்த்தி. ஓடற பஸ்ல உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

எழுதித் தராவிட்டால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். டிப்போவில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுப்பார்கள். அப்படி உட்காரவைக்கப்பட்ட ஆட்களை அவர் தினமும் பார்க்கிறவர். பஸ் வெளியே போகும்போது அவர்கள் தலையை நிமிர்த்துவதில்லை. அந்த நாற்காலியை நினைத்தாலே அவருக்குப் புகையும் புழுதியும் இல்லாமலே மூச்சு முட்டியது.

"சரியாத்தான் எடுத்துக்கறீங்களா? எங்கே, பண்ணிக் காட்டுங்கோ."

அவர் பண்ணிக் காட்டினார். ஆனால் எதிரே இருப்பவர் டாக்டர். அதிலும் ஒரு பெண்மணி. அவர் முகத்துக்கு நேராக வாயைப் பிளப்பதா? சுவர்ப்பக்கம் திரும்பி, இடது கையால் வாயை மறைத்துக்கொண்டு அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மின்விசிறிக் காற்றில் புகையும் கலைந்துபோய்விடும். வாசலில் இருமிக்கொண்டு இருபது பேர் காத்திருக்க, டாக்டருக்குக் காணக் கிடைத்ததெல்லாம் மரியாதை நிறைந்த ஒரு பிடரிதான்.

இந்த நிலையில்தான் அவர் அஸ்மத்துன்னிசாவைப் பார்த்தார். தன் மூச்சு விஷயமாக அல்ல, மாமனாரின் காது விஷயமாக.

லஸ் கார்னரில் ஒரு மாடியில் காது மெஷின் கடை இருந்தது. முன்பக்கம் விற்பனை. பின்பக்கம் ஜன்னலோரம் ஒரு மேசை. அங்கே அஸ்மத்துன்னிசா ரிப்பேர் பார்த்துக்கொண்டிருப்பாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். முப்பதைத் தாண்டியிருக்கலாம். துப்பட்டாவைத் தலையில் போட்டுக் காதை மட்டும் வெளியே விட்டிருப்பாள். மெஷினைத் திறப்பதற்கு முன் அதைத் தன் காதில் மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். தெருவில் போகிற சைக்கிளின் செயின் உரசுவது, பக்கத்து அறையில் யாரோ காகிதம் மடிப்பது, சுவரில் பல்லி நகர்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான், "இதுக்கு மைக் போயிருக்கு", "இதுக்கு ஒயர்தான்" என்று தீர்ப்பு வரும். உலகத்தின் மிகச் சின்னச் சத்தங்கள் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ள யாரோ அவளை அங்கே உட்காரவைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

மாடிப்படி ஏறியதில் கணேசமூர்த்திக்கு இழுப்பு வந்துவிட்டது. மாமனாரின் மெஷினைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி ஒரு தடவை அழுத்திக்கொண்டார். அந்த மெஷின் அப்போது அவள் காதில் இருந்தது.

"அண்ணே, இப்ப என்ன பண்ணீங்க?"

"மருந்தும்மா. இழுப்புக்கு."

"அதை உள்ள இழுக்கணும் இல்ல?"

"இழுத்தேனே."

"இல்லண்ணே. ஊதினீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷமாக மருந்து சாப்பிடுகிறவனுக்கு இழுப்பது எது, ஊதுவது எது என்று தெரியாதா? அஸ்மத்துன்னிசா வாதாடவில்லை. மெஷினைக் கழற்றித் துடைத்து அவர் காதில் மாட்டினாள். "மருந்து இன்னொரு வாட்டி வேணாம். மருந்துக் குப்பியை வெளிய எடுத்துட்டு வெறும் கூட்டை வாயில வைங்க. நீங்களே கேளுங்க."

அவர் கேட்டார். ஃபூ என்று வந்தது. உள்ளே உருளுகிற பட்டாணி இல்லாத விசில்.

மேசையோரம் இருந்த ஸ்டூலில் அவர் மெல்ல உட்கார்ந்தார். கூடு இல்லாமல் இழு என்றால் அழகாக இழுத்தார். கூடு உதட்டில் பட்டதும் ஊதினார். திரும்பத் திரும்ப அதேதான்.

"நீங்க என்ன வேலைண்ணே?"

"பஸ் கண்டக்டர்."

"அதான். உங்க வாய் மேல தப்பு இல்ல. அதுக்கு வேற வேலையே சொல்லிக் கொடுக்கல நீங்க."

அன்று அவள் "இழுங்க, இழுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நாலைந்து தடவைக்குப் பிறகு சரியாக வந்தது. இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பனகல் பார்க் கூட்டத்தில் நெஞ்சு அடைத்தபோது மனம் பதறியது. பதறியதும் வாய் தன் பழைய எஜமானனிடமே ஓடிப்போனது. மறுபடி ஃபூ.

மெஷினைத் திரும்ப வாங்க வந்தபோது அவர் இதைச் சொன்னார். கார்த்திகை பிறந்துவிட்டது, தை மாசத்துக்கு அதிக நாள் இல்லை என்பதையும் சொன்னார். டிப்போ நாற்காலியைப் பற்றியும்தான். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கூடவே ஒரு ஆள் பஸ்ல வந்து இழு இழுன்னு சொல்ல முடியாது. கூடே சொல்லட்டும்," என்றாள். "ஒரு பழைய கூடு இருந்தா கொண்டாங்கண்ணே."

மருந்து போகிற வழியை அவள் தொடவில்லை. குப்பிக்கு மேலே, காற்று நுழைகிற இடுக்கில், கேமரா பிலிமில் வெட்டிய ஒரு மெல்லிய மடலை வைத்தாள். இழுத்தால் மடல் உள்ளே சாயும். ஊதினால் வெளியே தூக்கும். தூக்கினால் தலைமுடி போன்ற ஒரு கம்பியைத் தொடும். "வாசல்ல ஒரு வாட்ச்மேன்," என்றாள். வாட்ச்மேன் கம்பியைத் தொட்டால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். காது மெஷினின் பட்டன் பேட்டரி போதும்.

கடையில் அது ஜோராக எரிந்தது. பஸ்ஸில், மத்தியான வெயிலில், தன் மூக்குக்குக் கீழே எரிகிற விளக்கை எந்த மனிதனால் பார்க்க முடியும்? விளக்கு போய் கைக்கடிகாரத்தின் பீப் சத்தம் வந்தது. அது எஞ்சினுக்கும் ஹாரனுக்கும் நடுவே எறும்பு கத்தின மாதிரி ஆயிற்று. எத்திராஜ் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நைனா, ஒனக்கு வைத்தியம் பண்றாங்களா, பாம் செய்றாங்களா? எதுனா வெடிச்சா நான் வண்டிய உட்டுட்டு ஓடிக்கினே இருப்பேன், சொல்லிட்டேன்."

அந்தச் சமயம் ஊரெல்லாம் இடுப்பில் பேஜரைச் செருகிக்கொண்டு திரிந்தார்கள். செய்தி வந்தால் சத்தம் போடாமல் அதிருகிற பேஜரும் இருந்தது. ரிச்சி தெருவில் உடைந்த பேஜர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளிருந்த பட்டாணி அளவு மோட்டாரை அவள் எடுத்துவந்தாள். கூட்டின் முதுகில், விரல் படிகிற இடத்தில் அதை ஒட்டினாள். பேட்டரியும் கொஞ்சம் பெரிதாயிற்று. ஊதினால் இனி விரல் நடுங்கும்.

விரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் பஸ்ஸே நடுங்கிக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றால் கம்பி, சீட்டு, கண்ணாடி எல்லாம் கூடச் சேர்ந்து ஆடின. எது கூடு, எது பஸ் என்று கணேசமூர்த்தியால் பிரிக்க முடியவில்லை. கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"போதும்மா. நீயும் எவ்வளவோ பாத்துட்ட. நாற்காலிதான்னு இருந்தா உக்காந்துட்டுப் போறேன்."

அவள் கூட்டை எடுத்து மோட்டாரின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே லஸ் ட்ராஃபிக்கைப் பார்த்தாள். "ஒரு வாரம் கழிச்சு வாங்கண்ணே," என்றாள்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது, கூட்டில் ஊசி முனை அளவுக்குத் திருகு ஒன்று முளைத்திருந்தது. அவள் முழங்கையில் ஏதோ களிம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஊதுங்க," என்றாள். ஒரே நீள அதிர்வு. ஆனால் நேராக இல்லாமல், துணி தைப்பது போல விட்டு விட்டு ஓடிய அதிர்வு. "இது உங்க பாஷைதான். ஒரு விசில்னா நில்லு."

அன்று பஸ்ஸில், நின்ற இடத்திலும் ஓடுகிற வேகத்திலும், அந்த அதிர்வு பஸ்ஸின் நடுக்கத்திலிருந்து பிரிந்து, தெரிந்த ஆள் தோளைத் தொட்டது மாதிரி விரலில் வந்தது. அவர் நிறுத்தினார். இழுத்தார்.

இரண்டு பேருமாக டாக்டர் நீரஜாவைப் பார்க்கப் போனார்கள். வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிய கணேசமூர்த்தியை அஸ்மத்துன்னிசா முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். "டாக்டர் அம்மா பாக்காத தொண்டையா? இப்படியே பண்ணுங்கண்ணே."

நடந்ததையெல்லாம் கேட்டதும் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ ஒரு வருஷமா நான் இவரோட கழுத்துக்கு வைத்தியம் பண்ணிண்டிருந்தேனா?" பிறகு கூட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மருந்து போகிற பாதையில் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். மடல் கழன்று உள்ளே விழாமல் இருக்கக் குறுக்கே ஒரு வலை வேண்டும் என்றார். "இன்னொண்ணு. இழுத்த உடனே எல்லாரும் மூச்சை விட்டுடறா. கொஞ்சம் அடக்கி வெச்சாத்தான் மருந்து தங்கும். அதையும் இதால சொல்ல முடியுமா?"

அஸ்மத்துன்னிசாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கணேசமூர்த்தி அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த முறை அது தயாராக இருந்தது. ஒழுங்காக இழுத்தால் கூடு பேசாமல் இருக்கும். போதுமான நேரம் அடக்கியதும் குட்டிக் குட்டியாக இரண்டு அதிர்வு. இரண்டு விசில். போலாம், ரைட்.

தை மாசத்துக்குள் அவர் மார்பு தெளிந்தது. டாக்டர் நீரஜா ஸ்டெதஸ்கோப்பை முதுகு முழுக்க வைத்துக் கேட்டுவிட்டு, 'பணிக்குத் தகுதி' என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் அடையாறில் அவர் ஊதிய விசிலில் எத்திராஜ் ஆக்சிலேட்டரை மிதிக்க மறந்து திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, எஞ்சினு மாத்திட்டியா?"

அதற்குப் பிறகு டாக்டர் கேட்டதற்காக அவள் இன்னும் சிலருக்கு அப்படிச் செய்து கொடுத்தாள். ஒவ்வொன்றும் வேறு வேறு மாதிரி. அழுத்தத் தெம்பில்லாத ஒரு பாட்டு வாத்தியாரம்மாவுக்கு நெம்புகோல் வைத்து. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்திக்கு வகுப்பில் தெரியாதபடி சின்னதாக. யாராவது புகழ்ந்தால், "காத்து வர்ற வழியில ஒரு பிலிம் துண்டு, அவ்வளவுதான்," என்பாள்.

மறு வருஷம் மகள் சிந்துவின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கணேசமூர்த்தியும் மனைவி தங்கபுஷ்பமும் மீர்சாகிப்பேட்டையில் அவள் வீட்டுக்குப் போனார்கள். அவள் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. அம்மா ஹாஜிரா பீ உட்காரச் சொல்லி ஷர்பத் கொடுத்தார்.

"நீங்கதான் அந்த கண்டக்டரா? உங்க பஸ்ஸுக்கு எம் பொண்ணு ரொம்ப உழைச்சிருக்கா தம்பி."

"என் பஸ்ஸுக்கா? அவங்க என் பஸ்ல வந்ததே இல்லீங்களே. உங்க வீடு இந்தப் பக்கம் இல்ல இருக்கு."

"ஏன் வரல? ஒரு வாரம் தினம் சாயந்திரம் கடை விட்டு உங்க பஸ்ல தி.நகர் போய், திரும்ப அதே பஸ்ல லஸ் வந்து, அப்புறம் நடந்து வீட்டுக்கு வருவா. முன்னாடி பொம்பளைங்க கூட்டத்துல நிப்பா. காசைக் கை மாத்தி அனுப்பினா டிக்கெட்டும் கை மாறி வந்துடும், நீங்க எப்படிப் பாப்பீங்க? ஒரு கையில டப்பா, ஒரு கையில ஸ்க்ரூ டிரைவர். எப்படி ஆட்டினா பஸ் ஆட்டத்துல அமுங்காதுன்னு திருகித் திருகிப் பாப்பாளாம். கம்பியைப் பிடிக்கக் கையேது? தேனாம்பேட்டையில பிரேக் போட்டதுல விழுந்து முழங்கை இத்தனாம் பெருசு வீங்கிப்போச்சு."

தங்கபுஷ்பம் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"விழுந்தப்போ பின்னாலேர்ந்து நீங்க சத்தம் போட்டீங்களாம்," என்றார் ஹாஜிரா பீ, "'கம்பியைப் புடிச்சு நிக்கத் தெரியாதவங்கல்லாம் எதுக்கும்மா பஸ்ல வர்றீங்க'ன்னு. வீட்ல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அன்னைக்கு உங்க குரல்ல இழுப்பு எவ்வளவு இருந்துச்சுன்னும் சொன்னா."