பொன்னுருக்கலுக்கு முன் அண்ணி கேட்ட கேள்வி

அண்ணையின் மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்து, தாலிக்கான பொன்னை உருக்குகிற பொன்னுருக்கலுக்கு நாளும் வைத்தாயிற்று. அடுத்த நாள் காலையில் அண்ணி மானிப்பாய்க்கு எனக்குப் போன் எடுத்தார்.

"மச்சாள், நீர் சயன்ஸ் படிப்பிக்கிறனீர்தானே. அப்பா தந்த கட்டி பொன்னோ பித்தளையோ எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுவீரோ? உம்மடை அண்ணைக்குச் சொல்ல வேண்டாம்."

அந்தக் கட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் அவ்வளவு சிரித்திருக்கிறோம்.

அண்ணியின் அப்பா வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் ஓடியவர். கடைசி மகளான அண்ணிக்கு அவர் கொடுத்த சீதனத்தில் வீடும் கிணறும் தவிர, விரல் நீளத்தில் மஞ்சளான ஒரு கட்டியும் இருந்தது. அதில் முத்திரை எதுவும் இல்லை. கல்யாணத்தன்று எங்கள் பெரியப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "உது பித்தளை மாதிரிக் கிடக்கு" என்று சொல்ல, அது அண்ணியின் அப்பா காதில் விழுந்துவிட்டது. "சந்தேகம் எண்டால் உரசிப் பாருங்கோ" என்றார் அவர். எங்கள் ஐயாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உரசிப் பார்ப்பது மரியாதையில்லை என்று அதை அப்படியே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் உரசவில்லை.

அண்ணை அதைப் 'பித்தளை' என்றே கூப்பிடுவார். "என்ரை மாமன் தந்த பித்தளையைக் கண்டனீரே?" என்று கேட்டால் நாங்கள் எல்லாரும் சிரிப்போம். அண்ணியும் சிரிப்பார். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது அதை விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் அண்ணை. அண்ணியோ சேலைத் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டே நடந்தாராம்.

சனிக்கிழமை பஸ்ஸில் போனேன். கேக்குக்கு மா நிறுக்கிற என் சின்னத் தராசும் கைப்பையில் வந்தது. அண்ணையை எங்கேயாவது அனுப்பிவிடுவதாக அண்ணி சொல்லியிருந்தார். ஆனால் நான் போய் இறங்கும்போது அவர் முற்றத்தில் ஒரு வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார். கைப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தராசைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"ஓ, பித்தளைக்குப் பரீட்சையோ?" என்று கையைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னாலேயே குசினிக்குள் வந்தார்.

அண்ணி அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "பொன்னுருக்கேக்கை இதிலை ஒரு துண்டு போடவேணும் எண்டு எனக்கு ஆசை. சம்பந்தி வீட்டாருக்கு முன்னாலை அது கறுத்துப்போனால் என்ன செய்யிறது?"

"இவ்வளவு காலமும் ஏன் அண்ணி பாக்கேல்லை?"

"பித்தளை எண்டு வந்தால் அப்பா பொய்யன் ஆகிடுவாரெல்லோ."

அண்ணை துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து முதலில் கட்டியில் வைத்தேன். ஒட்டவில்லை. "பித்தளையும் காந்தத்திலை ஒட்டாது" என்றார் அண்ணை. அது சரிதான். கட்டியை நிறுத்தேன். நூற்றுப் பதினாறு கிராம். பிறகு ஒரு கிளாஸில் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, அது காட்டும் எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். கட்டியை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் இறக்கவேண்டும். கட்டி எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அந்த நிறையைத் தராசு காட்டும்.

"பித்தளை எண்டால் பதின்மூண்டு, பதினாலு காட்டும். பொன் பாரமானது, அதாலை கட்டி சின்னன். ஆறுதான் காட்டும்" என்றேன்.

நூலைப் பிடித்துக் கட்டியை மெதுவாக இறக்கினேன். நானும் அதைப் பித்தளை என்றே நம்பியிருந்தேன். பதின்மூன்று என்று வந்தால் அண்ணியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு காட்டியது.

நூலைத் தூக்கி, தண்ணீரை மாற்றி, திரும்பவும் இறக்கினேன். ஆறுதான்.

"தராசு பிழையாக்கும்" என்றார் அண்ணை. ஆனால் அவர் குரலில் பகிடி இல்லை.

"அப்ப பத்தரிட்டைப் போவம்" என்றார் அண்ணி.

மூவரும் ஓட்டோவில் நெல்லியடிக்குப் போனோம். எங்கள் குடும்பத்துக்கு நகை செய்கிற பத்தர்தான் பொன்னுருக்கவும் வர இருந்தவர். உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, மேலே அமிலத்தைத் தொட்டுவைத்தார். கோடு கரையவில்லை. மேலே மட்டும் பொன் பூசியிருக்கலாம் என்று ஒரு மூலையைச் சின்னதாக வெட்டிப் பார்த்தார். உள்ளேயும் அதே நிறம். வெட்டிய துண்டையும் உரசிவிட்டு நிமிர்ந்தார்.

"நல்ல பொன் அம்மா. கலப்பு இல்லை எண்டே சொல்லலாம். ஆர் தந்தது?"

"என்ரை அப்பா" என்றார் அண்ணி. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் கட்டியை அண்ணைதான் மடியில் வைத்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கி நின்றுகொண்டு அண்ணியிடம், "இஞ்சேரும், நான் கதைச்சதுகளை மனதிலை வைச்சிருக்காதையும்" என்றார்.

"எத்தினை வருசக் கதை! எதையெண்டு மறக்கிறது?" என்று கேட்டு அண்ணி சிரித்தார். அன்று பின்னேரம் அண்ணையே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். சீனி கூடிவிட்டது. நானும் அண்ணியும் மிச்சம் வைக்காமல் குடித்தோம்.

பொன்னுருக்கலன்று பத்தர் நெருப்பை மூட்டியதும் அண்ணை எழுந்து, வந்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "இது என்ரை மாமா தந்த பொன்" என்று அறிவித்தார். யாரும் கேட்டிருக்கவில்லை. துண்டு மெல்ல உருகி ஒரு துளியாகத் திரண்டு மினுங்கியது. அண்ணி அதைத் தட்டில் வாங்கி ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நின்று, "வடிவாப் பாரும் மச்சாள்" என்றார். நான் நேரம் எடுத்து நன்றாகப் பார்த்தேன். பிறகு அடுத்த வரிசைக்கும் அவரே கொண்டுபோனார்.