மூச்சை இழுத்தால் மடங்கும் கை

ஓசூரில் வேலை முடிந்து திரும்பும்போது மழையில் மொபெட் சறுக்கியது. இடது தோள் தரையில் அடிக்க விழுந்தேன். எழுந்து கைப்பையை எடுக்கப் போனேன். இடது கை வரவில்லை. வலியைவிட அதுதான் பயமாக இருந்தது.

எலும்பு முறியவில்லை என்றார்கள். மூன்று மாதம் காத்திருந்தும் முழங்கை மடங்கவில்லை. விரல்கள் மட்டும் அசைந்தன. பெங்களூரில் இ.எம்.ஜி. (தசைக்கு நரம்பின் துடிப்பு வருகிறதா என்று ஊசி வைத்துப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகளின் பின்னல்) மேற்பகுதியில் வேரோடு பிய்ந்திருந்தது. அதைத் தைக்க வழியில்லை.

மருத்துவர் கன்னடச் சாயல் தமிழில் விளக்கினார். "விலா எலும்புங்களுக்கு நடுவுல மூச்சுக்கு உதவற நரம்புங்க இருக்கும்மா. அதுல ரெண்டு மூணை எடுத்து, கை மடக்கற தசையோட நரம்புல சேத்துடுவோம்."

"அப்ப மூச்சுக்கு?" என்றார் என் கணவர் டேவிட்.

"மீதி நரம்புங்க பாத்துக்கும். ஆனா ஆரம்பத்துல மூச்சை இழுத்தாத்தான் கை அசையும்."

விபத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். தொழிற்பேட்டையில் சர்க்யூட் போர்டு பொருத்துவது என் வேலை. ஒற்றைக் கையால் அது நடக்காது. தள்ளிப்போட்டால் தசை வீணாகிவிடும் என்றதும் ஒப்புக்கொண்டோம். அந்த மாதமே அறுவை சிகிச்சை நடந்தது.

இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். பல மாதங்களுக்கு ஒன்றுமே தெரியாது. அதைத் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். மூட்டு இறுகாமலிருக்க டேவிட் தினமும் என் கையை மடக்கி நீட்டிவிட்டார். சமையலும் அவர்தான்.

ஒரு ஞாயிறு மதியம் காய்ந்த மிளகாயை எண்ணெயில் கருக விட்டுவிட்டார். நெடி தாங்காமல் அடுத்தடுத்துத் தும்மினேன்.

"ஏங்க, ஜன்னலைத் தெறங்க."

அவர் கரண்டியோடு என்னையே பார்த்தார். "ஜெயா, உன் கை ஆடுச்சு."

"தும்முனா உடம்பே ஆடுமில்ல?"

"இல்ல, மேல வந்துச்சு. இன்னும் ரெண்டு மிளகா போடட்டா?"

"போட்டுப் பாருங்க, அப்பறம் இருக்கு."

ஆழமாக மூச்சை இழுத்தேன். மேல்கையின் தோலுக்கடியில் தசை மெல்லத் திரண்டது. மறுபடி இழுத்தேன், மறுபடி திரண்டது. டேவிட் அடுப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார். அழுகிறாரா, மிளகாய் நெடியா என்று நான் கேட்கவில்லை.

முழுதாக மடங்க இன்னொரு வருடமானது. பிறகு மூச்சை நினைக்காமலே மடக்க வந்தது. வேலைக்கும் திரும்பினேன். ஆனால் உடம்பு அந்த மூச்சு வழியை முழுதாக விட்டுவிடவில்லை. நாள்களை நான் இப்போது எண்ணுவதில்லை. எது வளர வேண்டுமோ அது தன் கணக்கில் வளர்கிறது.

சென்ற கிறிஸ்துமஸுக்கு சர்ச் பாடகர் குழுவில் மறுபடி நின்றேன். பாட்டுப் புத்தகம் இடது கையில். நீண்ட அடி ஒன்றுக்காக மூச்சை இழுத்தபோது, பின்வரிசையிலிருந்து எஸ்தர் அக்கா காதோரம் சொன்னார்:

"புக்கைக் கொஞ்சம் எறக்கு ஜெயா, பாஸ்டரே தெரியல."