இடைவேளையோடு எழும்பிப் போனவன்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில் அன்று மூன்று தடவை இருக்கை மாறினேன். போதாததற்குப் புறக்கோட்டையில் இறங்கியும் விட்டேன். கொட்டாஞ்சேனைக்குத்தானே டிக்கட் எடுத்தாய் என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்திய பிறகு திரும்ப ஏறினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் கை, கால், வயிறு எல்லாமே குறுகுறுத்தன.

விஷயம் இதுதான். முப்பது வருஷத்துக்கு முன் ஒரு பத்திரிகையின் ஞாயிறு மலருக்குச் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். புதுப்படம் வெள்ளிக்கிழமை காலைக் காட்சியோடு தொடங்கும். மலரின் பக்கங்களோ அன்றே பிற்பகல் அச்சுக்குப் போய்விடும். யுத்த காலம், வழியில் செக்பாயிண்ட் வேறு. ஆகவே விமர்சகர்கள் நாங்கள் இடைவேளையிலேயே எழும்பிவிடுவோம். மீதிக் கதைக்குத் தியேட்டரில் விற்கும் பாட்டுப் புத்தகம் இருந்தது. அதுவும் முக்கியமான இடத்தில் 'மீதியை வெண்திரையில் காண்க' என்று கையை விரித்துவிடும். அதற்கும் என்னிடம் ஒரு வசனம் கைவசம் இருந்தது: 'இரண்டாம் பாதியில் படம் தொய்ந்துவிடுகிறது.' எந்தப் படத்துக்குப் போட்டாலும் யாரும் மறுத்துக் கடிதம் எழுதியதில்லை.

நம்மவர் ஒருவர் எடுத்த படத்துக்கும் அதையே போட்டேன். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், லீவு நாட்களில் கமராவோடு கொச்சிக்கடைத் தெருக்களில் திரிந்து எடுத்த படம். தூக்கம் வராதவர்களுக்கு நல்ல மருந்து என்று கிண்டலும் அடித்தேன். ஒரு வாரம்கூட ஓடவில்லை. அவர் அதற்குப் பிறகு படமே எடுக்கவில்லை.

இப்போது இளையவர்கள் அதைக் கிளாசிக் என்கிறார்கள். யாரோ பழைய பிரதியைத் தேடிப் பிடித்து டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். என் விமர்சனத்தை ஃபேஸ்புக்கில் போட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதைவிடக் கொடுமை, வெள்ளவத்தையில் நடக்கவிருந்த காட்சியில் என்னையே பேசக் கூப்பிட்டதுதான்.

"உங்கட கருத்து எப்பிடி மாறினதெண்டு கதையுங்கோ சேர்" என்றாள் ஏற்பாட்டுக்காரப் பெண்.

கருத்தென்று ஒன்று இருந்தால்தானே மாறுவதற்கு! இயக்குநரிடம் உண்மையைச் சொல்லாமல் மேடையேற முடியாது என்று பட்டது. அந்த நினைப்பு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டில் இயக்குநர் என்னை முன்னறையில் இருத்தினார். மனைவி பிளேன்டீ வைத்துவிட்டு உள்ளே போனதும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"அண்ணன், உங்கட படத்தை நான் முழுசாப் பார்க்கேல்ல. இன்டர்வெல்லோட எழும்பிப் போய்த்தான் எழுதினனான்."

"தெரியும் தம்பி" என்றார். "நான் கடைசி வரிசையில இருந்தனான். நீங்க போறதைக் கண்டனான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார்.

"ரெண்டாம் பாதியைப் பத்தி நீங்க எழுதினதை நான் கணக்கெடுக்கேல்ல. ஆனா உங்களை எழுப்பினது முதல் பாதிதானே? அண்டு பின்னேரமே தியேட்டர் ஒபரேட்டர் ரூமுக்குப் போய் அதில இருபது நிமிஷத்தை வெட்டிப்போட்டன்."

நான் எழுதியது வந்தது ஞாயிற்றுக்கிழமை. வெட்டு வெள்ளிக்கிழமையே விழுந்துவிட்டது. இன்று எல்லோரும் புகழ்கிற படம் அந்த வெட்டுக்குப் பிறகு மிஞ்சியது.

"வெட்டின துண்டு எங்கயெண்டு தெரியாது. எடிட்டரும் கமராக்காரரும் இப்ப உயிரோட இல்ல. அதைப் பார்த்த ஆக்களில எனக்குத் தெரிஞ்சு இப்ப நீங்க மட்டும்தான்." கதிரையின் நுனிக்கு வந்தார். "அந்தத் தாய் ஹார்பர் கேட்டில நிண்டு மகனைத் தேடுற இடம். அது எப்பிடி இருந்தது தம்பி?"

யோசித்தேன். ஒரு கேட்டும் வரவில்லை, ஒரு தாயும் வரவில்லை. பாதிப் படமாவது பார்த்தேன் என்றுதான் அதுவரை நான் நம்பியிருந்தேன்.

"ஞாபகமில்லை அண்ணன்" என்றேன்.

அவர் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப வெட்டினது சரிதான்" என்றார்.

முப்பது வருஷமாக அவர் தேடிய பதில் அது. அந்த இருபது நிமிஷமும் அச்சுக்கு நேரமாகிறதே என்று நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.