யாருக்கும் போகாத செய்தி

கண் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பெயர் இருந்தது. கூப்பிடத்தான் வீட்டில் ஆளில்லை. அம்மா போனபின் அவள் போனுக்கு வருவதெல்லாம் விளம்பரம்தான்.

அன்று காலை பல் தேய்க்கும்போது ஒரு செய்தி: 'நாளை உங்களுக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு ஒருவருடன் வரவும்.' தன் கண்ணுக்கு என்ன என்று கண்ணாடியில் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது, அது நோயாளிகளுக்குச் செய்தி போக ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் அவள் எழுதிய க்வெரி, அதாவது கட்டளை, அனுப்பியது.

நோயாளிக்குப் போன் நம்பர் இருந்தால் செய்தி அதற்குப் போகும். இல்லையென்றால் உறவினர் நம்பருக்கு. இரண்டும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று சொல்ல கடைசியில் 'எல்ஸ்' போட வேண்டும். பழைய க்வெரியில் அது இல்லை. போடாவிட்டால் நோயாளிகளின் விவரம் இருக்கும் டேட்டாபேஸ் சண்டைக்கு வராது, காலியாக விட்டுவிடும். செய்தி யாருக்கும் போகாது. நோயாளி 'வரவில்லை' என்று பதிவாகும். புதிதாக எழுதியபோது, சோதித்துப் பார்க்க எல்ஸில் தன் நம்பரைப் போட்டவள் எடுக்க மறந்திருந்தாள்.

"மொதல்ல உன் நம்பர எடும்மா" என்றார் ஆஸ்பத்திரியில் விஷயத்தைக் கேட்ட மேலாளர்.

"எடுக்கறேன் சார். எந்த நம்பரும் இல்லாத இந்த ஆளுக்கு யாரு சொல்றது?"

"வரலேன்னா வேற தேதி குடுப்போம்."

ஏற்கெனவே இரண்டு தேதி கொடுத்தாயிற்று. இரண்டிலும் 'வரவில்லை'.

சாயங்காலம் விலாசம் தேடிப் போனாள். ஓய்வுபெற்ற லாரி டிரைவர் சுவரைத் தடவி வந்து கதவைத் திறந்தார்.

"எதுவும் வாங்கறதா இல்ல."

"விக்க வரல. நாளைக்கு உங்களுக்குக் கண் ஆபரேஷன்."

"அடேங்கப்பா! கூப்பிடறோம் கூப்பிடறோம்னு சொல்லிட்டுக் கம்முனு இருந்தீங்க. கண்ணு தெரியாதவன்தானே, கெடக்கட்டும்னா?"

"திட்டி முடிச்சுட்டுச் சொல்லுங்க. கூட யாரு வருவா?"

அவர் தடவிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அறையில் ஒரே ஒரு நாற்காலி. அவள் அறையிலும் அப்படித்தான்.

"யாரும் இல்லேன்னா செய்ய மாட்டாங்களா?"

"மாட்டாங்க. காலைல ரெடியா இருங்க. நான் வர்றேன்."

"நீ எனக்கு என்ன வேணும்னு கேப்பாங்களேம்மா?"

"தங்கச்சின்னு சொல்லுங்க. மூக்கையும் முழியையும் ஒத்துப் பாக்கவா போறாங்க?"

மறுநாள் ஆபரேஷன் முடிந்து, கட்டுப்போட்ட கண்ணோடு அவர் தூங்கினார். அவள் மேசைக்குத் திரும்பி, எல்ஸில் தன் நம்பரை எடுத்துவிட்டு வரவேற்பறை நம்பரைப் போட்டாள். ஆளனுப்பிச் சொல்லும் வேலை தன் தலையில் விழுந்ததென்று அங்கே உட்கார்ந்திருப்பவள் முணுமுணுப்பாள்; முணுமுணுக்கட்டும்.

பிறகு டிரைவரின் பதிவைத் திறந்தாள். இன்னொரு கண் பாக்கி இருந்தது. 'உறவினர் எண்' என்ற காலிக் கட்டத்தில் தன் நம்பரை அடித்தாள்.