முன்னறைக் கேமராவுக்கு நான் திறந்த வழி

மதியம் மூன்று நாற்பத்திரண்டுக்கு மகள் கூப்பிட்டாள். போனில் பதிவான நேரம் அது. இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஆலங்குளம் தாலுகா அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் பட்டா மாறுதலுக்கு வந்த நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“எம்மா, இன்னைக்கு என்ன இத்தன தடவ கேமராவத் திருப்புத? நான் படிக்கவா வேண்டாமா?”

காலையிலிருந்து நான் கேமராவைத் தொடவே இல்லை.

“நான் திருப்பலட்டி. அப்பாவா இருக்கும்.”

“அப்பான்னு நெனச்சுத்தான் கை காட்டினேன். அது தலைய ஆட்டுதும்மா, மேலயும் கீழயும். மறுபடி காட்டினேன், மறுபடியும் ஆட்டுச்சு. அப்பாவுக்கு அப்படில்லாம் செய்யத் தெரியுமா?”

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார், வடக்கே எல்லைப் பக்கம். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ‘நீங்களா கேமராவைத் திருப்புறது?’ என்று செய்தி அனுப்பினேன். எதிரில் நின்ற பெரியவரின் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஒரு எழுத்துகூடப் பார்க்காமல், பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். குரல் பதிவாகப் பதில் வந்தது. “நான் பாத்து நாலு நாளாச்சு. மேல போயிருந்தோம், சிக்னலே கெடையாது. ஏன், என்ன?”

உடனே மகளைக் கூப்பிட்டு ரூட்டரின் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். “அது நான் போற பக்கமெல்லாம் திரும்புதும்மா,” என்றாள். பிறகு ஒயரைப் பிடுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

எங்கள் வீடு குத்துக்கல்வலசையில், புது மனைகள் போட்ட பகுதியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் காலி மனை. மகளுக்குப் பத்தொன்பது வயது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இரண்டாம் வருடமாக வீட்டிலிருந்தே படிக்கிறாள். காலை எட்டரைக்கு நான் பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறரை வரை அவள் தனி. அந்தப் பத்து மணி நேரத்தை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் முன்னறை மூலையில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பக்கூடிய கேமரா ஒன்றை மாட்டினோம்.

கேமராவோடு வந்த ஆப்பில் படம் நின்று நின்று வந்தது. நேராகப் பார்க்க வேண்டுமென்றால் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்ய வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வெளியிலிருந்து இன்ன எண்ணைத் தேடி வருபவரை வீட்டுக்குள் இருக்கும் இன்ன கருவியிடம் அனுப்பு என்று ரூட்டருக்குச் சொல்லிவைப்பது. இணைய இணைப்புத் தருகிறவரிடம் மாறாத இணைய முகவரி கேட்டு வாங்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தவறித் தவறி, கடைசியில் மொட்டை மாடியில் நின்று போன் டேட்டாவில் திறந்து பார்த்தபோது முன்னறை தெரிந்தது. கணவருக்குப் பெருமை. “ஆபீஸ்ல பட்டா மாத்துதவ இப்ப வீட்ல போர்ட்டையும் மாத்திட்டா,” என்று கூட இருந்தவர்களிடமெல்லாம் சொன்னாராம்.

ரூட்டரின் கடவுச்சொல்லை மாற்றினேன். கேமராவின் கடவுச்சொல் பெட்டியில் வந்தபடியே இருந்தது. வாசல் ரூட்டர்தான், கேமரா வீட்டுக்குள் இருக்கும் ஒரு பொருள் என்று நினைத்துவிட்டேன். வெளியிலிருந்து வருகிறவரை ரூட்டர் ஒன்றும் கேட்காமல் நேரே கேமராவிடம் அனுப்பிவிடும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும், குத்துக்கல்வலசையில் எங்கள் முன்னறையை யார் தேடி வரப்போகிறார்கள் என்றுதான் இருந்திருப்பேன்.

இன்னொன்றும் செய்தேன். கேமரா திரும்பினால் பார்ப்பது நானோ அப்பாவோதான், ஒரு கையைத் தூக்கிக் காட்டு, எங்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்று மகளிடம் சொல்லிவைத்தேன். அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே கையைத் தூக்குவாள். இரண்டு மாதத்தில் அது பழகிவிட்டது.

அன்று சீக்கிரம் போக அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். சாரல் நேரம். அருவிக்குப் போகிற வண்டிகள் தென்காசிக்கு வெளியிலேயே வரிசையில் நின்றன. பக்கத்து இருக்கையில் ஒரு குடும்பம் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன். அவன் போலீசில் ஏட்டு, குற்றாலத்தில் பந்தோபஸ்து. “இங்கன ஒருத்தன் குளிக்கப் போன எடத்துல செயினக் காணும்ங்கான், ஒருத்தன் புள்ளையவே காணும்ங்கான், நீ கேமரா ஆடுதுங்குத,” என்றான். முழுதும் சொன்ன பிறகு அவன் குரல் மாறியது. “எதையும் அழிச்சிராதக்கா. வாரேன்.”

வீட்டுக்கு வந்தபோது கேமராவின் மேல் தலையணை உறை கிடந்தது. மகள் அடுக்களையில், தரையில் உட்கார்ந்திருந்தாள். கேமராவுக்கு எட்டாத இடம் அது.

வெளி இணைப்பைச் சேர்க்காமல் மடிக்கணினியை ரூட்டரில் செருகி, கேமராவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. நான் அதுவரை அதைத் திறந்ததே இல்லை. நான் பஸ்ஸில் இருந்த நேரங்கள், தூங்கிய நேரங்கள், கணவர் மலை மேல் இருந்த நாட்கள் எல்லாவற்றிலும் யாரோ வந்திருந்தார்கள். ஒரே இணைய முகவரி இல்லை, பல. யாரென்று இன்றுவரை தெரியாது.

மகள் என் பின்னால் வந்து நின்றாள்.

“எத்தன நாளா?”

“இருபது நாள்தான் காட்டுது. அதுக்கு முன்னால உள்ளது தானா அழிஞ்சுட்டு.”

அவள் மனதுக்குள் நாட்களை எண்ணுவது தெரிந்தது.

“டெஸ்ட் மார்க் வந்தன்னைக்கு இங்கன உக்காந்துதான் அழுதேன். அதையும் பாத்திருப்பானா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். “தெரியல,” என்றேன். பிறகு ஏனோ, “நான் பாத்தேன்,” என்றேன்.

“நீ பாத்தியா? பாத்துட்டு?”

மார்க் வந்த அன்று அலுவலக மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து முகம் கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுத்ததும் போனை அணைத்தேன். சாயங்காலம் அவளுக்குப் பிடித்த ரம்புட்டான் வாங்கிவந்து, இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டேன். அவளும் ஏதோ சொன்னாள்.

“நான் பாத்தது தெரிஞ்சா உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் தாயி பேசாம இருந்தேன்.”

“ஒரு போன் பண்ணிருக்கலாம்லா. நான் அன்னைக்கு முழுக்க யாரும் கூப்பிட மாட்டாங்களான்னுதான் இருந்தேன்.” அவள் குரல் உயரவே இல்லை. “அவனும் பாத்துட்டுப் பேசாமத்தான் இருந்தான். நீயும் அப்படித்தான் இருந்திருக்க.”

வெளியே சாரல் காற்று சன்னல் கதவை அடித்தது. எழுந்து சாத்தினேன்.

“நாளைக்கு இந்த வீட்ல நான் இருக்க மாட்டேன்,” என்றாள். “கேமராவக் கழத்தினாலும் இருக்க மாட்டேன்.” அவள் எங்கே போவாள் என்று கேட்கப் பயமாக இருந்தது. என்னை வேண்டாம் என்கிறாளா, வீட்டை வேண்டாம் என்கிறாளா என்பது எனக்கு விளங்கவில்லை. தோசை ஊற்றட்டுமா என்றேன். அவள் மறுபடி அடுக்களைக்கே போய்விட்டாள்.

ஏழு மணிக்குத் தம்பி வந்தான். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கூட ஒரு பெண் போலீஸ் வந்திருந்தார். பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டார்கள். மகளை முன்னறைக்குக் கூப்பிட்டு, அந்தப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். “மொதல்ல எப்பம்மா உனக்குச் சந்தேகம் வந்துச்சு?” என்றார்.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது, மூணே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டா,” என்று நான் ஆரம்பித்தேன். மகள் தரையைப் பார்த்தாள்.

தம்பி என் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் கூட்டிவந்தான்.

“அக்கா, நீ வெளிய இரு. புகாரு அவதான் சொல்லணும். நீ பாத்துக்கிட்டு நின்னா அவ சொல்ல மாட்டா.”