மீன் தொட்டிக்குப் போட்ட பூசை

இன்றைக்கும் சொம்பில் கரைத்த மஞ்சளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாண வீடாக இருக்கட்டும், கோயிலாக இருக்கட்டும், அதை ஏந்திய கையைத் தட்டிவிடத் தோன்றும்.

அறுபதுகளில் அண்ணன் கோயமுத்தூர் கணபதியில் வீடு கட்டினார். மோட்டார் பட்டறை நன்றாக ஓடிய காலம். அதே பட்டறையில்தான் நானும் லேத்து ஓட்டினேன். அந்த வீட்டில் எனக்கென்று நான் கேட்டது ஒன்றே ஒன்று. கூடத்துச் சுவரில் ஆறடிக்கு ஓர் இடம், ஒரு மீன் தொட்டிக்கு.

"வெச்சுக்கடா, ஆரு வேண்டாங்கறா?" என்றார்.

பட்டறை விட்ட மாலைகளில் ஆங்கிள் இரும்பை அறுத்துச் சட்டம் பற்றவைத்தேன். அளவைச் சொன்னதும் கண்ணாடிக் கடை பாய் சிரித்தார். "ஏனுங் தம்பி, மீனுக்குங்களா? யானையக் குளிப்பாட்டறதுக்காக்கும்னு நெனச்சேன்!" கண்ணாடி ஒட்டும் புட்டி பிசைந்து மூலை மூலையாக அழுத்தினேன். ஒழுகியது. பிரித்து, சுரண்டி, மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ஒழுகியது. விரல் நுனியெல்லாம் வெடித்த பிறகே நின்றது. எங்கள் கிணறு உப்பு. டவுனிலிருந்து சிறுவாணித் தண்ணீரைச் சைக்கிளில் டின் டின்னாகக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் சிந்தி, வேட்டியெல்லாம் நனைந்து, வெறி பிடித்தவன்போல.

மீன், பொள்ளாச்சிப் பக்கத்து வாய்க்காலில் பிடித்தவை. வாலருகே கறுப்புப் பொட்டு வைத்த கெண்டைகள். மீன் விட்ட தூக்குப்போசிப் பாத்திரத்தை மடியில் வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் கையால் மூடிக்கொண்டு வந்தேன். "கொழம்புல போடறதக் கண்ணாடிக்குள்ள போட்டுருக்கறானே!" என்றார் அண்ணன். சொல்லட்டும். விளக்கைப் போட்டால் வெள்ளிக்காசு சுழல்வதுபோல அவை திரும்பும். அந்தத் தண்ணீரில்தான் நான் மூச்சு விட்டேன். பட்டறையில் விட்டது மூச்சே இல்லை.

கிரகப்பிரவேசத்தன்று கூடம் நிறைய ஆட்கள். எங்கள் சனம் கிணற்றில் புதுத்தண்ணீர் கண்டால் பாலும் மஞ்சளும் விட்டுக் கும்பிடாமல் ஒரு வாய் குடிக்காது. அண்ணனுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, கிணறு என்றால் மோட்டார். வேறு தண்ணீர் அவருக்குத் தெரியாது. ஒரு கையில் பால் சொம்பு, மறுகையில் மஞ்சள் சொம்பு, தோளில் பட்டுத் துண்டுமாகத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"வேண்டாங்ணா. மீன் செத்துப்போகுங்ணா."

"பால் குடிச்சு ஆராச்சும் செத்துருக்கறாங்களா? நீயும் அதக் குடிச்சு வளந்தவந்தானடா!"

கூடமே சிரித்தது. அவர் சாய்த்தார். கைப்பிடி குங்குமத்தையும் தூவினார். என் தண்ணீர் சந்தனக் குழம்பாகிப் பிறகு செம்மண் சேறாகியது.

பந்தி நடந்தது. இலை எடுப்பதற்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளந்தன.

"அம்மணி, இங்க வந்து பாரு! பூசைக்கு மீனு ஆடுது!" என்று கூட்டத்தில் யாரோ கூவினார்கள்.

ஒருவர் கைகூப்பினார். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூச்சுக்குத் தவித்ததுங்க அதுக, மூச்சுக்கு! எல்லாரும் எவ்வளவு மரியாதையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்!

தொட்டியடியில் நானே கடைந்து மாட்டிய பித்தளைத் திருகு இருந்தது. முழுக்கத் திறந்துவிட்டேன். புதுத் தரையில், பட்டுச் சேலைகளுக்கு அடியில், பட்சண மூட்டைகளுக்கு அடியில் மஞ்சள் வெள்ளம் ஓடியது.

"ஐயோ, வேட்டியத் தூக்குங்க!"

"டேய், கிறுக்குப் புடிச்சுப்போச்சா உனக்கு?" என்றார் அண்ணன்.

மீன்களை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பின்பக்கம் ஓடினேன், மிச்சச் சிறுவாணித் தண்ணீர் இருந்த டிரம்முக்கு. பாதிக்கு மேல் என் உள்ளங்கையிலேயே மூச்சடங்கின.

பிறகு அந்தக் கண்ணாடிக்குள் அண்ணன் பொம்மைகளை அடுக்கினார். வருகிறவர்கள் கேட்பார்கள். "தம்பி மீன் வளத்தோணும்னு செஞ்சானுங்க. பாவம், அவனுக்குத் தண்ணி ராசி இல்லீங்க" என்பார், எனக்குக் கேட்கும்படியாகவே.

ராசியாம்!

பிழைத்தவை பின்பக்கத்துத் துவைக்கும் தொட்டியில் இருந்தன. குஞ்சும் பொரித்தன. மாலையில் தவிடு தூவ நான் மட்டும் போவேன். விருந்தாளி யாரையும் அங்கே கூட்டிப்போனதில்லை. அண்ணன் அந்தப் பக்கம் வரும்போது முகத்தைப் பார்க்கமாட்டேன், கையைத்தான் பார்ப்பேன்.